ஹெட்செட்டுக்குப் பொருந்திய ஊர்

நாச்சிவலசில் தறிச் சத்தம் அடங்கிப்போன அந்த ஆடி மாதத்துக்கு இன்றைக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். லோகு செல்போன் கடைதான் காரணம் என்பார்கள் சிலர். தறிக்காரன் அங்கமுத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பியதுதான் காரணம் என்பார்கள் வேறு சிலர். ஆனால் இப்படியெல்லாம் நடக்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை, ஏனென்றால் குடிநீர்க் குழாயில் வாரக்கணக்கில் காற்று மட்டும் வருவதும், அந்தக் காற்றுக்கு ஒழுங்காக வரி வசூலாவதும், சாக்கடை மேட்டைப் பார்த்து ஓடுவதும் அந்த ஊரில் நடந்துகொண்டுதான் இருந்தன, இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

பள்ளிபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கோ கிடக்கும் ஊர் அது. வீட்டை அடுத்துத் தறிப்பட்டறை, பட்டறையை அடுத்து வீடு, அதை அடுத்து இன்னொரு பட்டறை என்று இரண்டு தெரு நீளத்துக்கு விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருக்க, பிறக்கிற பிள்ளை அந்தச் சத்தத்திலேயே பிறந்து, அதிலேயே தூங்கி, மின்சாரம் போய்ச் சத்தம் நின்றால் மட்டும் திடுக்கிட்டு விழித்து வீரிட்டு அழும். பட்டறைக்குள் யாரும் பேசுவதில்லை, பேசிப் பயனில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிர்வரிசைத் தறியில் நிற்பவர் அதைப் படித்துக்கொள்வார். நூல் அறுந்தால் ஒரு சைகை, முதலாளி வருகிறார் என்றால் மூக்கின் கீழ் மீசை வரைகிற சைகை, அறுந்த நூலை முடிந்தாயிற்று, தறியை ஓட்டலாம் என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு. பட்டறைக்கு வெளியே வந்தாலோ, பக்கத்தில் நிற்பவரிடமும் பக்கத்து ஊரில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் அங்கமுத்துவும் ராசாமணியும் தங்கள் ஒரே மகளுக்குக் குயிலின் குரலை நினைத்துக் கோகிலவாணி என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊரில் குயிலைக் கேட்டவர்கள் யாரும் அப்போது உயிரோடு இல்லை.

கோகிலவாணி பி.எஸ்சி. முடித்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் பட்டம் என்ற சொல் அதுவரை நூலில் கட்டிப் பறக்கவிடுவதற்கு மட்டுமே பயன்பட்டது என்பதால், எதையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வது என்று அவள் பழகியிருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் பேசுகிற வேலைக்கு ஆள் எடுத்தது. இரண்டு முறை நேர்காணல் கொடுத்தாள். இரண்டு முறையும் ‘பின்னணி இரைச்சல் காரணமாகத் தேர்வு செய்ய இயலவில்லை’ என்று பதில் வந்தது. மூன்றாவது முறைதான் கடைசி; அதிலும் தவறினால் அந்தக் கம்பெனிக்கு இனி விண்ணப்பிக்கவே முடியாது. தவறினால் என்ன செய்வது என்று அவள் யோசிக்க வேண்டிய அவசியமில்லாமல், அதைப் பட்டறை முதலாளி அர்த்தநாரி முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்.

“படிச்ச புள்ளைக்குத் தார் சுத்தறது ரொம்பச் சுளுவாப் புடிபட்டுக்கும் அங்கமுத்து,” என்று அவர் சொல்லியிருந்தார். “வர்ற ஆவணில இருந்து வரச் சொல்லு. மூலையில ஒரு எடம் ஒதுக்கி வெச்சிருக்கறேன்.”

தார் சுற்றுவது என்றால், தறியில் குறுக்கே ஓடி ஊடு நூலை விடுகிற நாடாவுக்குள் போடுகிற குழலில் நூல் சுற்றுவது. ராசாமணி பதினாறு வயதில் உட்கார்ந்த மூலை அது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஆகவே கோகிலவாணி ஒரு நல்ல ஹெட்செட் வாங்குவது என்று முடிவு செய்தாள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். ஹெட்செட்டில் ஃபோனுக்குள் செருகுகிற முள்ளில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் கேட்க மட்டும்தான் முடியும், மூன்று வளையம் இருந்தால்தான் அதில் மைக்கும் உண்டு. மூன்று வளையம் இருந்தாலும் உள்ளே கம்பிகளைக் கோர்ப்பதில் பழைய முறை, புது முறை என்று இரண்டு முறை உண்டு, மாறிப்போனால் மைக் ஊமையாகிவிடும். மைக்கும் சரியாக இருந்தாலும், கம்பியில் இருக்கிற சத்தம் கூட்டும் பொத்தானும் குறைக்கும் பொத்தானும் எந்தக் கம்பெனி ஃபோனை மனதில் வைத்துச் செய்யப்பட்டனவோ அந்த ஃபோனுக்கு மட்டும்தான் கட்டுப்படும், மற்ற ஃபோனை மதிக்காது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, இரவெல்லாம் மறந்துவிடக் கூடாதே என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலையில் லோகுவின் கடைக்குப் போனாள்.

லோகு இதில் ஒன்றையும் படித்தவனில்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

“எல்லா ஃபோனுக்கும் ஆகுமுங்க அம்மிணி,” என்று தெரு முழுவதற்கும் சொல்வது போல் அவளிடம் கத்தினான்.

“வளையம் மூணு இருக்குதுங்ணா. மைக் வேலை செய்யுமா?” என்று இவளும் கத்தினாள்.

“மைக்கு கிண்ணுன்னு இருக்கும்.”

“நடுப் பட்டன்?”

“கால் எடுக்கும், கட் பண்ணும். அதுல ஒரு கொறையும் வராது.”

“கூட்டற பட்டன், கொறைக்கற பட்டன்? என்ற ஃபோனுக்கு அது ஆகுமாங்ணா?”

லோகு முதல் முறையாக ஹெட்செட்டைத் திருப்பிப் பார்த்தான். “ஏம்புள்ள, ஆயிரம் கேள்வி கேக்கற. அது எதுக்காச்சும் ஆகும். ஆகாத பட்டன எவன் வெப்பான்?” என்றான். பிறகு, படித்த பெண் ஏமாந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லிவிடக் கூடாதே என்ற அக்கறையில் ஒரு யோசனையும் இலவசமாகச் சேர்த்தான். “மைக்கை வாய்க்குக் கிட்டப் புடிச்சு மொள்ளப் பேசு. அது போதும்.”

மெள்ளப் பேசுவது எப்படி என்று நாச்சிவலசில் யாருக்கும் தெரியாது என்பதால், அந்த யோசனையை அவள் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து முள்ளைச் செருகி, ஒத்திகைக்காகக் கல்லூரித் தோழி ஒருத்தியை அழைத்து, “கேக்குதாடி” என்றாள். மைக் வேலை செய்தது. தோழி, “காது ஜவ்வு கிழியுது, மெதுவாப் பேசுடி” என்றாள். அடுத்த சோதனையாகக் கோகிலவாணி குறைக்கும் பொத்தானை அழுத்தினாள். தோழியின் குரல் குறையவில்லை. பொத்தான் தன் ஃபோனுக்கு ஆகாது என்று நினைத்ததுதான் சரியாகப் போயிற்று என்று ஒரு பக்கம் வருத்தமும், படித்தது வீண்போகவில்லை என்று ஒரு பக்கம் திருப்தியுமாக இன்னும் நான்கைந்து முறை அழுத்தினாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் தடதடத்துக்கொண்டிருந்த அர்த்தநாரியின் பட்டறை ஒரு படி இறங்கியது, அதற்கு அடுத்த பட்டறை ஒரு படி இறங்கியது, கிழக்குத் தெரு இறங்கியது, மேற்குத் தெரு இறங்கியது, கடைசி அழுத்தலில் ஊரே வாயை மூடிக்கொண்டது.

தறிகள் நிற்கவில்லை. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, துணி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தார் சுற்றிக்கொண்டிருந்த ராசாமணி காதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, என்ற காது போச்சே” என்று அலறினாள். அதே நேரத்தில் இரண்டு தெருவிலும் அத்தனை பட்டறைகளிலிருந்தும் அத்தனை பேரும் “என்ற காது போச்சே” என்று அலறினார்கள். ஒருவர் அலறியது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டதும், காது போகவில்லை என்று தெரிந்து நிம்மதியாகி, அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது, ஏனென்றால் கோகிலவாணி பயந்துபோய்க் கூட்டும் பொத்தானை அழுத்த, சத்தம் பழையபடி ஏறியது, மறுபடி குறைக்க, இறங்கியது; அவளே போய் அம்மாவிடம் சொன்னாள், அம்மா பக்கத்து வீட்டில் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு வழக்கமான குரலில் சொன்னாள், அமைதியில் அது ஊர் எல்லை வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நாச்சிவலசு தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. மேற்குத் தெரு சம்பூரணம் கல்யாணமான நாளிலிருந்து மாமியாரை வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். மாமியாரும் அன்றிலிருந்து வாய்க்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். தறிச் சத்தம் காப்பாற்றியிருக்கிறது. இப்போது இருவருக்கும் இருவரையும் கேட்டது. ஒரு நாள் முழுக்க வெட்கப்பட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்துவிட்டு, மறுநாளிலிருந்து முழுக்குரலில் தொடர்ந்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி முதல் வரி மந்திரம் மட்டும் சொல்லிவிட்டு மீதி நேரமெல்லாம் அம்மனிடம் தன் மைத்துனனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தது தெரியவந்தது; மைத்துனனும் வரிசையில்தான் நின்றான். பள்ளிக்கூடத்தில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு பல தலைமுறைகளாகத் தப்பாகவே ஒப்பிக்கப்பட்டு வந்தது வாத்தியாருக்கே அன்றுதான் தெரிந்தது. குழந்தைகள் மட்டும் தூங்கவே இல்லை. தாய்மார்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டித் தாலாட்டினார்கள்.

லோகுவின் கடையில் கூட்டம் நெரிந்தது. அதே ஹெட்செட்டை ஊரே வாங்கிப் போய் அவரவர் ஃபோனில் செருகிப் பார்த்தது. ஒருவருக்குப் பக்கத்து வீட்டு மிக்சி மட்டும் அடங்கியது. ஒருவருக்கு ஆட்டுக்குட்டி ஒன்றின் குரல் மட்டும் ஏறி இறங்கியது. மற்ற எல்லோருக்கும் பொத்தான்கள் ஒழுங்காக ஃபோனிலேயே வேலை செய்தன. அவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“உங்க ஃபோனுக்கு ஆகுதுங்ளாண்ணா?” என்று லோகு நிதானமாகக் கேட்டான்.

“அதுக்கு ஆகுது.”

“அதுக்கு ஆனா அப்புறம் ஊருக்கு எப்படிங்ணா ஆகும்?”

இதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் விளங்கியது. அன்றிலிருந்து ஃபோனுக்குப் பொருந்தாத ஹெட்செட் இருக்கிறதா என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். தன் கடையில் இருப்பது பெரும்பாலும் அதுதான் என்று லோகு, வியாபாரம் ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக, உண்மையைச் சொன்னான்.

பிறகு ஊர் செய்வதை ஊர் செய்தது: கமிட்டி போட்டார்கள். நாச்சிவலசில் எந்தக் கமிட்டி போட்டாலும் அதற்குத் தலைவர் அர்த்தநாரிதான் என்பதால், சத்த ஒழுங்குக் கமிட்டிக்கும் அவரே தலைவரானார். பட்டறை முதலாளிகளுக்கு அமைதி பிடிக்கவில்லை. சத்தம் மாறுவதை வைத்துத்தான் தறிக்காரர்கள் நூல் அறுந்ததைக் கண்டுபிடிப்பார்கள், இப்போது அறுந்தது தெரியாமல் முழ முழமாக ஓட்டைத் துணி இறங்குகிறது என்றார்கள். கல்யாண மண்டபத்துக்காரருக்கு அமைதி பிடித்தது. துக்க வீட்டுக்காரர்கள், ஒப்பாரி இப்போதுதான் நாலு பேர் காதில் விழுகிறது, குறுக்கே தறியை விடாதீர்கள் என்றார்கள். கடைசியில் காலையில் சத்தம், மதியத்துக்கு மேல் அமைதி, விசேஷங்களுக்குத் தனி விண்ணப்பம் என்று தீர்மானமாயிற்று. வேறு ஃபோனில் செருகினால் ஊர் கேட்பதில்லை என்பதால், ஃபோனும் ஹெட்செட்டும் கோகிலவாணியிடமே இருக்கும், அவளே அழுத்துவாள். சம்பளம் கிடையாது, ஊர்ச்சேவை. நடுப் பொத்தானை மட்டும் அவள் தொடக் கூடாது என்று அதன்மேல் கமிட்டி ஒரு பிளாஸ்திரியை ஒட்டியது. அது தறிகளை நிறுத்திவிடும் என்றார்கள் சிலர், ஆட்களையே நிறுத்திவிடும் என்றார்கள் சிலர். அது கால் எடுக்கிற பொத்தான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். “படிச்சவிங்களுக்கு எல்லாமே சாதாரணந்தான்” என்று அர்த்தநாரி அதை முடித்துவைத்தார்.

இதற்கிடையே யாரும் தீர்மானம் போடாத ஒன்றும் நடந்தது. மதிய அமைதியில் ஊர்க்காரர்கள் மெல்ல மெல்லத் தங்கள் குரலைக் கண்டு பயந்து, தணித்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். கோகிலவாணியும் கற்றுக்கொண்டாள், மொட்டை மாடியில் உட்கார்ந்து, நேர்காணலில் சொல்லப்போவதைத் தாழ்ந்த குரலில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தன் குரல் இப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கொஞ்சம் கரகரப்பு. குயில் இல்லை, பரவாயில்லை.

அங்கமுத்துவால் மட்டும் கற்றுக்கொள்ள முடியவில்லை. தறிக்கு நடுவே முப்பது வருஷமாக நின்ற அவருடைய காது எப்போதோ முக்கால்வாசி போய்விட்டிருந்தது, ஆனால் எல்லோருக்கும் எதுவும் கேட்காத ஊரில் அது யாருக்கும் தெரியவில்லை, அவருக்குமே தெரியவில்லை. பட்டறையில் எந்த மூலையில் எந்த உதடு அசைந்தாலும் படித்துவிடுகிற அவர், இப்போது டீக்கடையில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பாத ஆளாகிவிட்டார். அவரைப் போல இன்னும் பாதிப் பேர் இருந்தார்கள். மிச்சப் பாதிப் பேருக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது. “அங்கமுத்தண்ணன் கணக்குல டீ போடு, அவருக்குக் கேக்காது” என்று பின்னால் நின்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் சிரிப்பவர்களின் முகத்தைத் தாமதமாகப் பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் தானும் சிரிப்பார்.

ஒரு மதியம் அதை மாடியிலிருந்து பார்த்துவிட்ட கோகிலவாணி, கமிட்டியைக் கேட்காமல் கூட்டும் பொத்தானை அழுத்தினாள். தறிகள் தடதடவென்று எழுந்தன. டீக்கடையில் எல்லோருக்கும் காது போயிற்று. அங்கமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே நின்றவனின் உதட்டைப் படித்து, அவன் கேட்டதற்குப் பதில் சொன்னார். விண்ணப்பமில்லாமல் சத்தம் விட்டதற்காகக் கமிட்டி அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தது.

நேர்காணல் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என்று தகவல் வந்தது. அவள் கமிட்டிக்கு விண்ணப்பம் எழுதி அர்த்தநாரியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“வியாழக்கெழமையா?” என்றார் அவர். “அன்னைக்குத்தான் அம்மிணி வடக்க இருந்து பார்ட்டி வருது. பட்டறையைப் பாத்துட்டு ஆர்டர் கொடுக்கறேன்னு சொல்லியிருக்கறான். பதினோரு மணிக்கு.”

“ஒரு அரை மணி நேரந்தானுங்க மொதலாளி. அமைதியா இருந்தாப் போதுமுங்க.”

“அமைதியா இருந்தாத் தறி ஓடலைன்னுதான அவன் நெனப்பான்?” அர்த்தநாரி குரலைத் தாழ்த்தினார், அவரும் கற்றுக்கொண்டிருந்தார். “உனக்கென்ன மறைக்கறது. பட்டறையில பாதித் தறியில பாவு நூலே இல்ல. நூலில்லாத தறி எப்படிச் சத்தம் போடும்? அதனால அன்னைக்கு நீ வழக்கமா வெக்கறதுக்கு மேல ரெண்டு அழுத்து சேத்தி அழுத்தோணும். அத்தனை தறியும் ஓடற மாதிரி இருக்கோணும். ஆர்டர் வந்தா உங்கப்பனுக்கு வேலை இருக்குது. வரலைன்னா நானே அந்த மூலையில உக்காந்து தார் சுத்த வேண்டியதுதான்.”

“என்ற இன்டர்வியூங்க?”

“அது நீ ஏற்கெனவே ரெண்டு தடவை பெயிலான பரிச்சைதான?” என்றார் அவர், மிகவும் ஆதரவாக.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்து, குரல் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும், “நீ உன்ற வேலையப் பாரு கண்ணு. கொறைச்சு வெச்சுக்கோ. பட்டறை இல்லாட்டி இன்னொரு பட்டறை” என்று வீடு அதிரச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் அர்த்தநாரிக்கும் அது கேட்டிருக்கும் என்று ராசாமணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. பதினொரு மணிக்குச் சற்று முன்னால் வடக்கத்தி வியாபாரியின் கார் பட்டறை வாசலில் நின்றது. கோகிலவாணி வீட்டுக்குள் சுவரோரமாக நாற்காலியைப் போட்டு, ஃபோனைச் சன்னலில் சாய்த்துவைத்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு விரலைக் கூட்டும் பொத்தானிலும் ஒரு விரலைக் குறைக்கும் பொத்தானிலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சன்னல் வழியாக அப்பா தெரிந்தார். பாவில்லாத ஒரு தறிக்கு முன்னால், பாவு இருப்பது போல் நடிப்பதற்காக அர்த்தநாரி அவரை நிறுத்தியிருந்தார். நிமிர்ந்து நின்றிருந்தார். சத்தம் இருக்கிற இடத்தில் மட்டும்தான் அவர் அப்படி நிற்கிறார் என்பதை அவள் பார்த்தாள்.

அவள் கூட்டும் பொத்தானை அழுத்தினாள். பிறகு இன்னும் இரண்டு முறை அழுத்தினாள்.

அப்படியொரு சத்தத்தை நாச்சிவலசு கேட்டதில்லை. ஓடாத தறிகளெல்லாம் ஓடின, வாங்காத தறிகளெல்லாம் ஓடின, மேற்குத் தெருவில் சுவரில் மாட்டியிருந்த படங்கள் கோணலாயின, ஊர்க் குழந்தைகளெல்லாம் வாரக்கணக்கில் பாக்கி வைத்திருந்த தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கின. பட்டறைக்குள் வியாபாரி ஏதோ கேட்டார், அர்த்தநாரி தலையாட்டினார். அர்த்தநாரி ஏதோ சொன்னார், வியாபாரி தலையாட்டினார். என்ன பேசினோம் என்பது இருவருக்கும் தெரியாமல் ஆர்டர் மளமளவென்று முடிவாகிக்கொண்டிருந்தது.

ஃபோன் திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி, பெயர் ராகவேந்திரன். பக்கத்தில் குறிப்பெடுக்கிற ஒரு பெண் அதிகாரி. அவர்கள் பேசியதில் ஒரு சொல்கூடக் கோகிலவாணியின் காதில் விழவில்லை. அவளுக்கு அது புதிதில்லை. அவள் அதிகாரியின் உதட்டைப் பார்த்தாள். ஆங்கிலமாக இருந்தாலும் உதடு உதடுதான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது உதடு. மைக்கை வாய்க்கு மிகப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மாடியில் பழகிய அந்தத் தாழ்ந்த குரலில் அவள் சொன்னாள். கோபமாக இருக்கிற வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்றது உதடு. அதற்கும் சொன்னாள். தன் குரல் அங்கே போய்ச் சேர்கிறதா, தறிதான் போய்ச் சேர்கிறதா என்று தெரியாமல், திரையில் அவர்கள் முகம் சுளிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். சுளிக்கவில்லை. அந்தப் பெண் அதிகாரி இரண்டு முறை தலையசைத்தாள்.

கேள்விகள் முடிந்ததும் ராகவேந்திரன் தன் மைக்கை அணைத்தார். திரையின் ஓரத்தில் குறுக்குக்கோடு போட்ட மைக் படம் வந்தது. அவர் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, மனதில் உள்ளதைச் சொல்லும்போது எல்லோரும் செய்வது போல் தமிழுக்கு மாறினார். “பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா ரெண்டு தடவை நாமளே இரைச்சல்னு போட்டுத் தள்ளியிருக்கோம். அதே ஊரு, அதே வீடு. இப்ப எடுத்தா, அப்ப ஏன் எடுக்கலைன்னு மேல கேப்பாங்க. எதுக்கு வம்பு, இரைச்சல்னே போட்டுடலாம்.”

கோகிலவாணி கேட்காததைப் போல இருந்துவிடலாமா என்று நினைத்தாள். மைக்கை அணைத்துவிட்டுப் பேசுவதைப் படிப்பது அடுத்தவர் வீட்டுக் கதவில் காது வைப்பது போல ஆகாதா என்றும் நினைத்தாள். இரண்டு முறை நினைத்துப் பார்த்தாள். மூன்றாவது முறைக்கு நேரமில்லை.

“சார்,” என்றாள். “இரைச்சல்னு போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கலாமுங்களா? இப்ப உங்களுக்கு இரைச்சல் கேக்குதுங்களா?”

ராகவேந்திரன் திரையின் ஓரத்துக்குக் குனிந்தார். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணைந்துதான் இருந்தது. அதை மெதுவாகத் திறந்தார்.

“மைக் ஆஃப்லதானே இருந்துச்சு?” என்றது உதடு.

“ஆஃப்லதானுங்க சார் இருந்துச்சு.”

“அப்புறம் எப்படி உங்களுக்குக் கேட்டுச்சு?”

“கேக்கலைங்க சார். பாத்தேன்.”

அந்தப் பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ராகவேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னைக்கு உங்க ஊர்ல தறி ஓடலையா?” என்றார். கோகிலவாணிக்குப் பொய் சொல்ல வராது என்பதால், ஃபோனைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே காட்டினாள். தறிகள் தெரிந்தன, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டிருந்த இரண்டு முதலாளிகள் தெரிந்தார்கள், பாவில்லாத தறிக்கு முன்னால் அங்கமுத்து தெரிந்தார். பிறகு ஹெட்செட்டின் மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். சென்னையில் இருவரும் ஒரே நேரத்தில் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார்கள். அவள் மறுபடி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அவர்கள் எடுத்து மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில், “முன்னாடி ரெண்டு தடவையும் நானேதான் கத்தியிருக்கறேனுங்க சார்” என்றாள்.

அந்த நேர்காணலின் மிச்ச நேரம் முழுவதும் ராகவேந்திரன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே இருந்தார். அதனால் அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பெண்தான் அதைப் புரிந்துகொண்டு, திரைக்கு நேராக வந்து, ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்துச் சொன்னாள். கோகிலவாணி நன்றி சொல்லிவிட்டு, பிளாஸ்திரியைப் பிய்த்து நடுப் பொத்தானை அழுத்தினாள். தறிகள் நிற்கவில்லை, ஆட்கள் நிற்கவில்லை. அழைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டது.

சன்னலுக்கு அந்தப் பக்கம் அங்கமுத்து, முதலாளிக்குத் தெரியாமல், புருவத்தைத் தூக்கி என்னாச்சு என்று கேட்டார். அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு திருகு திருகிக் காட்டினாள். அவர் வெறும் தறியின் பக்கம் திரும்பி, அதே திருகைத் தனக்குள் ஒரு முறை செய்து பார்த்துக்கொண்டார்.

வேலை உத்தரவோடு கம்பெனியே ஒரு ஹெட்செட்டை அனுப்பிவைத்தது. சொந்த ஹெட்செட் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அதில் பொத்தானே இல்லை. அர்த்தநாரிக்கும் ஆர்டர் வந்தது. சத்தத்தை வைத்துக் கணக்கிட்டு அவரிடம் இருக்கிற தறிகளைப் போல மூன்று மடங்குக்கு ஆர்டர் வந்தது, அதை எப்படி நெய்து கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பழைய ஹெட்செட்டுக்கு எல்லா ஹெட்செட்டுக்கும் வருவதுதான் வந்தது. முள்ளுக்குப் பக்கத்தில் கம்பி நைந்து, கூட்டினாலும் குறைத்தாலும் எதற்கும் மசியாமல், இடது காது அடியோடு செத்துப்போயிற்று. அன்றிலிருந்து மேற்குத் தெருவில் தறிச் சத்தம் அறவே இல்லை, கிழக்குத் தெருவில் ஓயாமல் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லி ஊரே திரண்டு லோகுவிடம் போனது. செல்போனுக்குத்தான் உத்தரவாதம், ஊருக்குக் கிடையாது என்று அவன் சொல்லிவிட்டான். கமிட்டி மறுபடி கூடி, விருப்பப்பட்டவர்கள் தெரு மாறிக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டது. காது நன்றாகக் கேட்கிறவர்களெல்லாம் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தெருவுக்கு நடந்தார்கள், அங்கே போய் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்டு, மூன்றாம் நாளே பேச்சுவார்த்தை இல்லாமல் ஆனார்கள்.

அங்கமுத்துவிடமும் எந்தத் தெரு வேண்டும் என்று கேட்டார்கள். அவர் கேட்டவரின் உதட்டைப் பார்த்துவிட்டு, சத்தம் வருகிற பக்கமாகக் கையைக் காட்டினார்.

“அங்கதான் ஒருத்தருக்கும் காது கேக்காது,” என்றார்.